மாதம் 261 வெள்ளி: மிச்சமா, இரவலா?

2025 தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமில்லை. கேம்பல் லேன் சந்தையில் மனைவியும் மகளும் கோலப்பொடிக்கும் அகல்விளக்குக்கும் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். "கார்டு எங்கிட்ட இருக்கு, நீங்க போங்க" என்று அவள் சொன்னதுதான் தாமதம், நான் நழுவித் தேக்கா நிலையத்துக்கு வந்துவிட்டேன். பிரியாணிக் கடைகளில் நீண்ட வரிசை. மூலையில் ஒரு மேசையைப் பிடித்துவைத்திருந்தார்கள் பழைய கூட்டாளிகள்.

கூட்டாளிகள் என்றால் மூன்று பேர். கப்பல் பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கும் நண்பர் ஒருவர், ஈசூன்வாசி. தாதியாக வேலை பார்க்கும் அக்கா ஒருவர், பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே நிரந்தரவாசியானவர். மூன்றாமவர் பக்கத்துப் பஃபலோ சாலை அடுக்குமாடியில் வசிக்கும் மாமா. ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. கோப்பி-ஓ ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட்டுவார்.

உட்கார்ந்ததும் நான் பெருமை அடித்துக்கொண்டேன். "வீட்டுக் கடனை வேற பேங்குக்கு மாத்தியாச்சு. 3.5 விழுக்காட்டுல இருந்து 1.8. மாசம் 261 வெள்ளி குறையுது."

வாழ்த்துவார்கள் என்று நினைத்தேன். மூவரும் ஒரே நேரத்தில் கேட்டது: "அத வச்சு என்ன செய்யப் போறே?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வட்டி குறைய வேண்டும் என்று ஆறு மாதமாக வங்கி வங்கியாக விசாரித்தவன், குறைந்தால் அந்தப் பணம் எங்கே போகும் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. யோசிக்காமல் விட்டதற்கு ஏற்கெனவே ஒருமுறை அடி வாங்கியிருக்கிறேன் என்பதுதான் வெட்கம். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏற்கெனவே வாங்கிய அடி

2020இல் செங்காங்கில் ஐந்தறை வீட்டுக்குச் சாவி வாங்கினோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கடன், 25 ஆண்டு, வட்டி 2.6 விழுக்காடு. இந்த 2.6 ஒரு விசித்திரமான எண். மத்திய சேமநிதியின் (மசேநி) சாதாரணக் கணக்கு வட்டி 2.5, அதோடு 0.1 சேர்த்தால் வீவக கடனின் வட்டி. 1999இலிருந்து இது அசையவே இல்லை. என் அப்பா காலத்தில் கடன் மாற்றுவது என்ற பேச்சே கிடையாது. 1964இல் வீடு சொந்தமாக்கும் திட்டம் வந்தது, 1968இல் மசேநிப் பணத்தை வீட்டுக்குப் போடலாம் என்றார்கள், அவர் தலைமுறை கண்ணை மூடிக்கொண்டு மாதாமாதம் கட்டி முடித்துவிட்டது. பஃபலோ சாலை மாமாவும் அப்படிக் கட்டி முடித்தவர்தான்.

நாங்கள் கொஞ்சம் விவரமான தலைமுறை இல்லையா! 2021இல் வங்கிகள் 1.15 விழுக்காட்டுக்குக் கடன் கொடுத்தன. "இன்னும் 2.6 கட்ட நாம என்ன முட்டாளா?" என்று கேட்டு, வீவகவிலிருந்து வங்கிக்கு மாறினோம். வீவக கடனை விட்டு வங்கிக்குப் போனால் அதே வீட்டுக்கு மறுபடி வீவக கடன் வாங்க முடியாது. அது ஒருவழிப் பாதை. கையெழுத்துப் போடும்போது வழக்கறிஞர் அலுவலகத்தில் சொன்னார்கள். தலையாட்டினேன்.

அப்போது எங்கள் பாக்கி 360,000 வெள்ளி, இன்னும் 24 ஆண்டு. மாதத் தவணை 1,682இலிருந்து 1,431 ஆனது. 251 வெள்ளி மிச்சம். எங்கள் இருவர் மசேநியிலிருந்தும் மாதம் 1,400 வெள்ளி போகும்படி வைத்திருந்தோம், பாக்கியைக் கைப்பணத்தில் கட்டினோம். ஆகவே குறைந்ததெல்லாம் கைப்பணம். 282 வெள்ளி கட்டிக்கொண்டிருந்த இடத்தில் 31 வெள்ளி.

அதை என்ன செய்தோம்? கடனை மாற்றிய கையோடு ஒரு காப்புறுதி முகவர் வந்தார். முதலீட்டுடன் சேர்ந்த காப்புறுதி, மாதம் 250 வெள்ளி, 25 ஆண்டு. "உங்க வரவு செலவுல ஒண்ணுமே மாறாது சார், மிச்சமான காசுதானே" என்றார். கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. அந்தப் பொருத்தமே என்னை ஏமாற்றியது.

2022இல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்ற ஆரம்பித்தது, இங்கேயும் ஏறியது. அந்த ஆண்டின் இறுதியில் சில வங்கிகளின் நிலையான வட்டி 4 விழுக்காட்டையும் தாண்டிப் போனது. எங்கள் இரண்டாண்டு ஒப்பந்தம் 2023இல் முடிந்தபோது கிடைத்தது 3.5 விழுக்காடு. தவணை 1,814. முதன்முதலில் வீவகவுக்குக் கட்டியதைவிட அதிகம்! 31 வெள்ளி போய்க்கொண்டிருந்த கைப்பணம் 414 ஆனது. அதற்கு மேல் அந்தக் காப்புறுதியின் 250. மகளின் நடன வகுப்பு, அம்மாவின் மருந்து, எல்லாம் அந்த இடுக்கில் மாட்டிக்கொண்டன.

காப்புறுதியைத் துண்டித்தோம். 24 மாதம், 6,000 வெள்ளி கட்டியிருந்தோம். கைக்கு வந்தது பாதிக்கும் குறைவு.

அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரிய இரண்டு ஆண்டும், தேக்காவில் ஒரு கோப்பி-ஓவும் தேவைப்பட்டது.

"எப்போ திருப்பிக் கேப்பான்?"

மேசைக்குத் திரும்புவோம். பட்டறை நண்பர் யோசிக்கவே இல்லை. "தங்கம். பொண்ணுக்குச் சேர்த்து வை. கண்ணை மூடிக்கிட்டு வாங்கு."

அவரை மறுத்துப் பேச அன்று எனக்குத் தெம்பில்லை. அந்த மாதம்தான் உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸுக்கு 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியிருந்தது. எதிரே சிராங்கூன் சாலை நகைக்கடைகளில், விலை ஏறினாலும் கூட்டம் குறையவில்லை. ஆனால் நாம் வாங்குவது 916 வளையல். அதற்குச் செய்கூலி உண்டு, 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் உண்டு. 2012இலிருந்து முதலீட்டுத் தரத் தங்கக் கட்டிக்கு அந்த வரி கிடையாது, வளையலுக்கு உண்டு. விற்கப் போகும்போது செய்கூலியும் வரியும் திரும்பி வராது. "கட்டியா வாங்கேன்" என்றேன். "கட்டிய எப்படிடா கழுத்துல போடுறது?" என்றார். அதற்கு மேல் என்ன பேச?

அக்கா சொன்னது வேறு. "ஊருக்கு அனுப்பு தம்பி. அம்மா பேர்ல மாடி கட்டு." அவர் ஆறு வருடமாக ஊரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ் பணமாற்றுச் சேவையையும் இந்தியாவின் யுபிஐயையும் இணைத்த பிறகு அவருக்கு வேலை இன்னும் சுலபம். பேருந்தில் உட்கார்ந்தபடியே கொத்தனாருக்குச் சம்பளம் போட்டுவிடுகிறார். "சுலபமானதுலதான் ஆபத்து" என்று அவரே சிரித்தார். "முன்னாடி மாசம் ஒரு தடவ வரிசையில நின்னு அனுப்புவேன். இப்ப கொத்தனார் வாரம் ஒரு தடவ கேக்குறாரு."

மாமா மட்டும் பேசவில்லை. கோப்பியைச் சுற்றிச் சுற்றிக் கலக்கினார். பிறகு கேட்டார்:

"இந்த 1.8 எத்தன வருஷத்துக்கு?"

"ரெண்டு வருஷம் மாமா."

"அப்புறம்?"

"அப்புறம் அன்னைக்கு என்ன வட்டியோ அது."

"அப்ப இது மிச்சமில்லடா. இரவல். என்ன செய்யலாம்னு கேக்காத. எப்போ திருப்பிக் கேப்பான்னு கேளு."

பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த 6,000 வெள்ளி ஞாபகம் வந்தது.

ஊருக்கு ஊர் மிச்சம் வேறு

வீட்டுக்கு வந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மாமா சொன்னது சிங்கப்பூருக்கு மட்டும் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

அமெரிக்காவில் 30 ஆண்டுக்கும் ஒரே வட்டி என்பது சாதாரணம். 2021 ஜனவரியில் அங்கே 30 ஆண்டுக் கடனின் சராசரி வட்டி 2.65 விழுக்காடு வரை இறங்கியது. அன்று கடனை மாற்றிக்கொண்ட குடும்பத்துக்கு அந்த மிச்சம் கடன் முடியும்வரை சொந்தம். நடுவில் வட்டி எவ்வளவு ஏறினாலும் அவர்களைத் தொடாது. அவர்கள் அதை வைத்து நீண்டகாலத் திட்டம் போட்டால் அர்த்தமுண்டு.

சென்னையில் இருக்கும் என் அத்தை மகனுக்குக் கதை வேறு. இந்தியாவில் 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை மூன்று முறை குறைத்து 6.5இலிருந்து 5.5க்குக் கொண்டுவந்தது. "உனக்கு மாசம் எவ்வளவு குறைஞ்சுது?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். "இஎம்ஐ அப்படியேதான் இருக்கு மச்சான். வருஷம்தான் குறைஞ்சிருக்கு" என்றான். அங்கே வட்டி மாறினால் பெரும்பாலும் தவணைத் தொகையை விட்டுவிட்டுக் காலத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். அதாவது அவனுடைய மிச்சம் அவன் கைக்கே வரவில்லை. நேராகக் கடனுக்குள் போய்விட்டது. அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். எனக்குப் பொறாமை. யாரோ ஒருவர் அவன் கையைத் தட்டிவிட்டுச் சரியான இடத்தில் போட்டுவிட்டார்.

இங்கே நமக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு, மிஞ்சினால் மூன்று ஆண்டு. தவணை உடனே குறைகிறது, பணம் உடனே கைக்கு வருகிறது, காலம் முடிந்ததும் கேள்வி மறுபடி முதலிலிருந்து. ஆகவே எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்:

இரண்டு ஆண்டு மிச்சத்தை வைத்து, இரண்டு ஆண்டுக்கு மேல் நீளும் எதற்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

நிறுத்த நினைத்த மாதம் நஷ்டமில்லாமல் நிறுத்த முடிந்தால் செய்யலாம். முடியாதென்றால் அது நல்ல விஷயமாகவே இருந்தாலும் இந்தப் பணத்திலிருந்து அல்ல.

மசேநியில் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் சிங்கப்பூர் வாசகர்கள் அடிக்க வருவார்கள். "எங்க வீட்டுக் கடன் முழுக்க மசேநியில போகுதே, எங்களுக்கு எங்கே மிச்சம்?"

உங்களுக்கும் மிச்சம்தான், ஆனால் கைக்கு வராது. குறைந்த தொகை சாதாரணக் கணக்கிலேயே தங்கி 2.5 விழுக்காடு வட்டி ஈட்டும். முஸ்தஃபா கடையில் அந்தப் பணத்தைச் செலவழிக்க முடியாது. என் அனுபவத்தில் அது பெரிய பாதுகாப்பு.

சிலர் அந்தப் பணத்தைத் திரட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்துவிடலாம் என்கிறார்கள். கடன் இல்லாமல் தூங்குவது நம் ஆட்களுக்கு ஒரு தனி சுகம், மறுக்கவில்லை. கணக்கைப் பாருங்கள். கடனுக்கு நீங்கள் கொடுக்கும் வட்டி 1.8, சாதாரணக் கணக்கில் உங்களுக்குக் கிடைப்பது 2.5. அடைத்தால் ஒவ்வொரு ஆண்டும் 0.7 விழுக்காட்டை விட்டுக்கொடுக்கிறீர்கள். 2023இல் என் கடன் 3.5இல் இருந்தபோது மசேநியை எடுத்து அடைத்திருந்தால் லாபம். நான் அப்போது செய்யவில்லை. இப்போது செய்ய ஆசைப்பட்டேன். எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்வதில் எனக்கு ஒரு திறமை இருக்கிறது.

இன்னொன்று, வீட்டுக்கு எடுத்த மசேநிப் பணத்தை வீட்டை விற்கும்போது அதற்குச் சேர்ந்த 2.5 விழுக்காடு வட்டியோடு உங்கள் கணக்கிலேயே திருப்பி வைக்க வேண்டும். குறைவாக எடுத்தால் குறைவாக வைத்தால் போதும்.

தவணையை நீட்டலாமா?

கடன் மாற்றும்போது வங்கி ஊழியர் சிரித்த முகத்தோடு ஒன்று கேட்டார். "20 வருஷத்த 25 ஆக்கிடலாமா சார்? இன்னும் குறையும்."

உண்மைதான். என் பாக்கி அப்போது ஏறத்தாழ 312,800 வெள்ளி. 20 ஆண்டென்றால் மாதம் 1,553. 25 ஆண்டென்றால் 1,296க்கும் குறைவு. மிச்சம் 261 அல்ல, 518! ஆனால் வட்டி இதே 1.8இல் நின்றாலும், மொத்தத்தில் கூடுதலாகக் கட்டும் வட்டி ஏறக்குறைய 16,000 வெள்ளி. அந்த மிச்சம் என் 65 வயதிடமிருந்து நான் வாங்கும் கடன். வேலை போன குடும்பத்துக்கு, நோயாளி இருக்கும் வீட்டுக்கு அது உயிர் மூச்சாக இருக்கலாம். எங்களுக்கு அன்று அந்த அவசியம் இல்லை.

எதிர்ப்பக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய 1,814ஐயே தொடர்ந்து கட்டுகிறேன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி மாறாமல் இருந்தால் 240 மாதக் கடன் 200 மாதத்தில் முடியும். மூன்று ஆண்டு நான்கு மாதம் முன்னதாக விடுதலை! சென்னைக்காரன் வழி. கடன் மாற்றும் நேரத்திலேயே காலத்தைக் குறைத்துக் கேட்டால் அது சாத்தியம். ஆனால் வட்டி மாறாமல் இருக்கும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. குறைந்த காலத்துக்குக் கையெழுத்துப் போட்டபின் வட்டி ஏறினால் அந்தத் தவணை 2023ஐவிட மோசமாகக் கடிக்கும். ஆகவே காலம் 20 ஆண்டாகவே இருக்கட்டும் என்று விட்டோம்.

குடும்பச் சபை

தீபாவளி முடிந்த மறுநாள் இரவு. மேசையில் மிச்ச முறுக்கு. மாதம் 261, ஆண்டுக்கு 3,132 வெள்ளி என்று ஒரு தாளில் பெரிதாக எழுதி நடுவில் வைத்தேன். "ஆளுக்கு ஒரு ஆசை சொல்லலாம். ஆனா விதி ஒண்ணு இருக்கு" என்றேன்.

முதல் கை மகளுடையது. தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். "பூனை!"

2024 செப்டம்பரிலிருந்து வீவக வீடுகளில் பூனை வளர்க்கலாம். உரிமம் எடுத்து, மைக்ரோசிப் பொருத்தி, வீட்டுக்கு இரண்டு வரை. இந்தச் சட்டம் எங்கள் வீட்டில் என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். "பூனை எத்தனை வருஷம் வாழும்?" என்று கேட்டேன். "பதினஞ்சு" என்றாள், பெருமையாக. சொல்லி முடித்ததும் விதி ஞாபகம் வந்து முகம் தொங்கிவிட்டது.

மனைவி கணிதத்துக்கும் அறிவியலுக்கும் தனி டியூஷன் கேட்டாள். "ரெண்டு வருஷத்துல இவளுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. அதோட முடிஞ்சிடும். உங்க விதிக்குச் சரியா வருதுல்ல?" வந்தது. ஆனால் அவள் விசாரித்துவைத்திருந்த நிலையத்தில் ஒரு பாடத்துக்கே 261 போதாது. பெட்டி சாலையில் இருக்கும் சிண்டாவின் துணைப்பாட வகுப்புகளை நான் நினைவுபடுத்தினேன். 1991இலிருந்து நம் பிள்ளைகளுக்காகவே இருக்கும் அமைப்பு. நம் சம்பளத்திலிருந்து மாதாமாதம் அதற்குச் சந்தாவும் போகிறது. "சந்தா கட்டுறோம், சேர மாட்டோம். என்ன கௌரவம் இது?" என்றேன். முறைத்தாள். மறுநாள் அவளே விண்ணப்பப் படிவத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

என் ஆசை சமையலறை அலமாரி. கதவு தொங்குகிறது. மனைவி ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்து மேசையில் வைத்தாள். அத்தோடு அந்த ஆசை முடிந்தது.

கார் பற்றி யாரும் பேசவில்லை என்பதைக் கவனித்தேன். வாகன உரிமைச் சான்றிதழ் மட்டுமே 100,000 வெள்ளியைத் தாண்டியிருந்த ஊரில் 261 வெள்ளியைக் காட்டிக் காரைப் பற்றிப் பேசுகிறவன் மனநலப் பிரிவில்தான் இருக்க வேண்டும். ஆனாலும் "கடன்தான் குறைஞ்சிடுச்சே" என்று சொல்லிக் காருக்குத் தவணை போட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

கடைசியில் அம்மா. 67 வயது. என் பள்ளிக்காலம் முழுக்க ஒரு பள்ளி உணவகத்தில் பாத்திரம் கழுவினார். நாங்கள் வளர்ந்தபின் வேலையை விட்டுவிட்டார். ஆகவே அவருடைய மசேநி மிகச் சிறியது. "உனக்கு என்னம்மா வேணும்?" என்றேன்.

"எனக்கு என்னடா வேணும்? புள்ளைக்கு ஒரு பவுன் எடுத்து வை."

எல்லா அம்மாக்களும் சொல்வதுதான். "உனக்குன்னு கேட்டேன்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் முறுக்கை உடைத்துக்கொண்டிருந்தார். "மாசா மாசம் கோயில் உண்டியல்ல போட, உங்கிட்ட கேக்காம எடுக்க, கொஞ்சம் எம் பேர்ல வந்தா நல்லாருக்கும்" என்றார். வீரமாகாளியம்மன் கோயிலுக்கு வாரம் தவறாமல் போகிறவர். ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது நான் கையில் பத்து வெள்ளி கொடுப்பேன். அதை அவர் எப்படி வாங்கிக்கொள்கிறார் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அன்றிரவு மசேநி இணையத்தளத்தில் உட்கார்ந்தேன். ஈடுசெய்யும் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம் என்று ஒன்று 2021இலிருந்து இருக்கிறது. 55 வயதைத் தாண்டி, வருமானமும் சேமிப்பும் குறைவாக உள்ள குடிமக்களின் ஓய்வுக்காலக் கணக்கில் நாம் ரொக்கம் போட்டால், அதே அளவு அரசாங்கமும் போடும். முன்பு ஆண்டுக்கு 600 வெள்ளிதான் உச்சம். 2025இலிருந்து அது 2,000. ஆயுள் முழுவதற்கும் 20,000 வரை. 70 வயது உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். நாம் போட்ட அந்தப் பணத்துக்கு வரிக்கழிவு கிடையாது. அது நியாயந்தான், இரண்டு கையிலும் லட்டு கேட்கக் கூடாது. அம்மா தகுதி பெறுகிறார் என்று திரையில் வந்தது.

2,000 போட்டால் 4,000. அதற்குமேல் ஓய்வுக்காலக் கணக்கின் 4 விழுக்காடு வட்டி. எந்தத் தங்கமும் இரட்டிப்பாவதாக உறுதி தராது. எங்கள் விதிக்கும் பொருந்துகிறது: ஒவ்வோர் ஆண்டும் தனி முடிவு, அடுத்த ஆண்டு கையில் இல்லையென்றால் போடாமல் விடலாம், அபராதம் இல்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. மாதாமாதம் அம்மாவின் கைக்குத்தான் வரும். எங்களுக்கு வேண்டியதும் அதுதானே.

கடைசியில் பிரித்தது

3,132இல் 2,000 அம்மாவின் கணக்குக்கு.

1,000 வெள்ளி சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்துக்கு. 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம். எந்த மாதமும் அபராதமில்லாமல் திரும்பப் பெறலாம். இரண்டு ஆண்டில் 2,000 சேரும். 2027இல் வட்டி மறுபடி 3.5க்குப் போனால், அந்த ஏற்றத்தை ஏழு மாதம் தாங்க அது போதும். இரவல் கொடுத்தவன் திருப்பிக் கேட்கும் நாளுக்காக எடுத்துவைத்த பணம்.

மீதி 132. ஆண்டுக்கு ஒருமுறை ரேஸ்கோர்ஸ் சாலையில் எல்லோரும் வாழையிலைச் சாப்பாடு. எல்லாவற்றையும் சேமித்துவிட்டால் மிச்சம் பிடித்த மாதிரியே இருக்காது என்று மனைவி சொன்னாள். சரிதான்.

பணம் கைக்கு வந்தபின் பிரிப்பதாக இருந்தால் இதில் ஒன்றும் நடக்காது, என்னை எனக்குத் தெரியும். ஆகவே புதிய தவணை ஆரம்பிக்கும் அதே நாளில் 261 வெள்ளி தனிக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிட்டேன். என் சம்பளக் கணக்கைப் பொறுத்தவரை வட்டி இன்னும் 3.5தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கணக்கைச் சொன்னேன். பட்டறை நண்பர் இன்னும் தங்கம் என்கிறார். அக்கா தன் அம்மாவுக்கு இங்கே மசேநி இல்லையே என்று வருத்தப்பட்டார். கொத்தனாருக்கு ஆண்டுக்கு இரண்டு முறைதான் அனுப்புவதென்று முடிவு செய்திருக்கிறாராம். மாமா மட்டும் கேட்டார்: "பூனை என்னாச்சு?"

அது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. மகள் தன் அங்பாவ் பணத்தையும் தீபாவளிக் காசையும் எண்ணி வைத்துக்கொண்டு, இந்த 261 தனக்கு வேண்டாம் என்கிறாள். விதியை முறையாகப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

இதைப் படிக்கும் உங்களுக்கு இரண்டே வேண்டுகோள். ஒன்று, உங்கள் கடன் கடிதத்தை எடுத்து ஒப்பந்தக் காலம் முடியும் தேதியைப் பாருங்கள். அதற்கு நான்கு மாதம் முன்பே இப்போதைய வங்கியிலும் மற்ற வங்கிகளிலும் விசாரிக்க ஆரம்பியுங்கள். தேதிக்கு முன் அவசரப்பட்டு மாறினால் பாக்கியில் 1.5 விழுக்காடு வரை அபராதம் வரலாம். என் பாக்கிக்கு அது 4,700 வெள்ளி, ஒன்றரை ஆண்டு மிச்சம். வீவக கடனில் இருப்பவர்களே, திரும்பி வர வழி இல்லை என்பதை நன்றாக யோசித்துவிட்டு மாறுங்கள்.

இரண்டு, உங்கள் அம்மா அப்பாவின் மசேநிக் கணக்கில் இந்த ஈடுசெய்யும் திட்டத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வோர் ஆண்டுக்குமான 2,000 வெள்ளிக்குக் கடைசி நாள் அந்த ஆண்டின் டிசம்பர் 31.